வெஸ்ட்வுட்: ஒரு பெட்டி, இரண்டு சிடி

வெஸ்ட்வுட் நிறுவனம் செய்து 1995இல் வெளிவந்த 'கமாண்ட் அண்ட் காங்கர்' என்ற கணினிப் போர் விளையாட்டை நான் முதலில் ஆடியது சித்தப்பாவின் டிடிபி கடையில். பெட்டிக்குள் இரண்டு சிடிகள் இருந்தன: ஒன்று ஜிடிஐ படைக்கு, மற்றது நாட் படைக்கு. ஒன்றை என் கணினியிலும் மற்றதைத் தம்பியின் கணினியிலும் போட்டு, நடுவில் ஒரு சீரியல் கேபிளை மாட்டினால் போர் தொடங்கிவிடும். ஒரு பெட்டி வாங்கி இருவர் மோதிக்கொள்ளுங்கள் என்று விற்றவர்களே வழிவிட்டிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை வேலைகள் முடிந்து ஷட்டர் பாதி இறங்கியதும் நாங்கள் உட்காருவோம். காசாக மாறும் டைபீரியம் என்ற கனிமத்தை அள்ளிவர என் அறுவடை வண்டி வயலுக்கு ஊர்ந்து போகும். தம்பி குறிவைப்பது அதைத்தான். வண்டி போனால் வருமானம் போச்சு. அப்புறம் டாங்கி ஏது?

அன்றிலிருந்து எந்தக் கணினி வாங்கினாலும் இந்தத் தொடரில் ஏதாவது ஒன்று அதில் ஏறிவிடும். விளையாட்டை நிறுவுவதைக்கூட ஒரு காட்சியாக ஆக்கியிருந்தார்கள். ராணுவக் கணினி ஒன்று கண்விழித்துப் பேசுவதுபோல் இருக்கும். இதே தொடரின் 'ரெட் அலர்ட்'டில், மின்னலைப் பாய்ச்சும் கோபுரமான டெஸ்லா சுருள் அடிப்பதற்கு முன் அடியிலிருந்து உச்சிவரை ஒளி ஏறும் அந்தக் கணத்தில் என் படைவீரனுக்காக இன்றும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

1985இல் லாஸ் வேகஸில் தொடங்கிய வெஸ்ட்வுட், 1992இல் 'டியூன் 2' மூலம், முறைவைக்காமல் எல்லோரும் ஒரே நேரத்தில் படை நகர்த்தும் நிகழ்நேர வியூக விளையாட்டுக்கு ஒரு இலக்கணமே வகுத்தது. 1998இல் விர்ஜின் இன்டராக்டிவிடமிருந்து 12.25 கோடி டாலருக்கு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் அதை வாங்கியது. மறுநாளே எல்லாம் கெட்டுவிட்டது என்று பேசுபவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். 2000இல் வந்த 'ரெட் அலர்ட் 2' தொடரிலேயே குதூகலமானது. வேடிக்கை என்னவென்றால், அதைச் செய்தது லாஸ் வேகஸ் குழு அல்ல. அதே விற்பனையில் கூடவே வந்த இர்வைன் குழு, வெஸ்ட்வுட் பசிபிக். தாய்வீடோ 2002இல் 'ரெனிகேட்' என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டையும், மாதச் சந்தா கட்டி ஆட வேண்டிய 'எர்த் அண்ட் பியாண்ட்' என்ற விண்வெளி விளையாட்டையும் வெளியிட்டது. இரண்டும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2003இல் கதவு சாத்தப்பட்டது. கைவந்த தொழிலை விட்டுக் கண்ட தொழிலுக்குப் போன கதை. அந்தப் பழியை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

ஆனால் பெயரை வைத்துக்கொண்டு பிறகு நடந்தவற்றுக்கு வாங்கியவரே பொறுப்பு. 2010இல் வந்த நான்காம் பாகத்தில் களத்தில் படைத்தளம் கட்டுவதையே எடுத்துவிட்டார்கள். உப்பில்லாத சாம்பார். அதோடு, தனியாக ஆடுபவருக்கும் இணைய இணைப்பு எந்நேரமும் இருந்தாக வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டு சிடி கொடுத்த தொடர் இது!

பழைய ஆட்டங்களுக்கு 2020இல் வந்த மறுபதிப்பு எனக்கு ஆறுதல். வெஸ்ட்வுட்டிலிருந்து வெளியேறியவர்கள் லாஸ் வேகஸிலேயே தொடங்கிய பெட்ரோகிளிஃப் நிறுவனத்திடம் அந்த வேலை ஒப்படைக்கப்பட்டது. இசைக்குப் பழைய இசையமைப்பாளர் ஃபிராங்க் கிளெபாக்கியே திரும்பினார். தனி ஆட்டத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் புதிய படம் மறைந்து 1995இன் புள்ளிப் படம் வந்து நிற்கும். நான் அடிக்கடி தட்டுகிறேன்.

தம்பி இப்போது வேறு ஊரில் இருக்கிறான். ஞாயிறு இரவுகளில் இணையம் வழியே மோதுகிறோம். நாற்பதைத் தாண்டியும் அவன் முதலில் தேடி வருவது என் அறுவடை வண்டியைத்தான்.