ஃபைபர் லிங்க் விழுந்தால் முதலில் எதைத் தொடுவது: மாட்யூலையா, கனெக்டரையா, கட்டளைத் திரையையா?

நெட்வொர்க் ஸ்விட்சில் ஒரு ஃபைபர் (ஒளியிழை) லிங்க் விழுந்துவிட்டாலோ, விழாமலே, தரவு வழியில் சிதைந்ததைக் காட்டும் சி.ஆர்.சி. பிழைகளைக் குவிக்கத் தொடங்கினாலோ, களத்தில் நிற்பவரின் கை மூன்றில் ஒன்றைத் தேடிப் போகும். சிலர் மின்குறிகளை ஒளியாகவும் ஒளியை மின்குறிகளாகவும் மாற்றும் மாட்யூலின் உதிரியை எடுத்து மாற்றிச் செருகுவார்கள். சிலர் மாட்யூலில் செருகியிருக்கும் சிறு இணைப்பு இழையான பேட்ச் கார்டைக் கழற்றி அதன் கனெக்டரைத் துடைப்பார்கள். சிலர் எதையும் தொடாமல் ஸ்விட்சுக்குள் நுழைந்து ஒளி அளவுகளைப் படிப்பார்கள். மூன்றாலும் லிங்க் திரும்ப வரக்கூடும் என்பதால் மூன்றும் ஒன்றுதான் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. அளவுகளைப் படிப்பது பழுதின் தடயத்தைத் தொடாமல் விட்டுவைக்கிறது. துடைப்பது தடயத்தை ஓரளவு அழிக்கிறது. மாட்யூலை மாற்றுவது பெரும்பாலும் முழுவதுமாக அழித்துவிடுகிறது.

மாற்றிப் பார்க்கும் வழி

நான் பராமரித்த ஒரு வளாகத்தில், 4 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரண்டு கட்டடங்களை 10 கிகாபிட் எல்.ஆர். (நீண்ட தூர) மாட்யூல்கள் இணைத்திருந்தன. ஓர் இரவு தொலைவிலிருந்த கட்டடத்தின் ஸ்விட்சில் பிழைகள் ஏறத் தொடங்கின. பணியில் இருந்தவர் அங்கே போய் மாட்யூலை மாற்றினார், பிழைகள் நின்றன, கழற்றிய மாட்யூலின் மேல் ‘பழுது’ என்று எழுதி அலமாரியில் வைத்தார். மூன்று வாரம் கழித்து அதே போர்ட்டில் அதே பிழை வந்தது, இன்னொரு மாட்யூல் மாற்றப்பட்டது, மறுபடியும் நின்றது. மூன்றாம் முறை வந்தபோது நான் அந்த இரண்டு ‘பழுது’ மாட்யூல்களையும் துடைத்துச் சோதனை ஸ்விட்சில் செருகி ஒரு நாள் முழுதும் ஓடவிட்டேன். ஒரு பிழைகூட வரவில்லை.

மாட்யூலை மாற்றும்போது மாட்யூல் மட்டும் மாறுவதில்லை என்பதே இதற்குக் காரணம். பேட்ச் கார்டின் எல்.சி. கனெக்டரைக் கழற்றி மீண்டும் செருகுகிறோம். அதன் முனையில் ஒட்டியிருந்த தூசி சற்று நகர்கிறது. மடங்கியிருந்த பேட்ச் கார்டு நிமிர்கிறது. போர்ட் ஒருமுறை அணைந்து எழுகிறது. இவற்றில் எது லிங்கைத் திருப்பிக் கொண்டுவந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. மாற்றியதும் லிங்க் வந்துவிட்டது என்பது பழுது மாட்யூலில்தான் இருந்தது என்பதற்குச் சான்றாகாது. இதைவிடக் கவலை தருவது ஒன்று உண்டு: அழுக்கான கனெக்டரைப் புதிய மாட்யூலில் செருகினால் அந்த அழுக்கு புதிய மாட்யூலின் துளைக்குள்ளும் போகிறது, பிறகு அந்த மாட்யூல் வேறு போர்ட்டுக்குப் போகும்போது அங்கேயும் கூடவே போகிறது.

அளவுகளைப் படிக்கும் வழி

எஸ்.எஃப்.எஃப்.-8472 என்ற வரையறையைப் பின்பற்றும் மாட்யூல்கள் வெப்பநிலை, மின்னழுத்தம், லேசருக்குப் போகும் பயாஸ் மின்னோட்டம், அனுப்பும் ஒளி, பெறும் ஒளி ஆகிய ஐந்தையும் தாமே அளந்து சொல்கின்றன. சிஸ்கோ ஸ்விட்சில் ‘ஷோ இன்டர்ஃபேஸஸ் டிரான்ஸீவர் டீடெயில்’, ஜூனிப்பரில் ‘ஷோ இன்டர்ஃபேஸஸ் டயக்னாஸ்டிக்ஸ் ஆப்டிக்ஸ்’, லினக்ஸ் சர்வரில் ‘ஈத்டூல் -எம்’ என்று கேட்டால் போதும். போர்ட்டை நிறுத்த வேண்டாம், பயனர்களுக்கு முன்னறிவிப்புத் தர வேண்டாம், கட்டடத்துக்குப் பயணம் போகவும் வேண்டாம்.

ஆனால் இந்த எண்களைப் படிப்பதில் பலர் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். எச்சரிக்கை வரம்பைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தாண்டவில்லை என்றால் ‘லைட் லெவல் சரியாகத்தான் இருக்கிறது’ என்று முடித்துவிடுகிறார்கள். மேலே சொன்ன லிங்கில் அருகிலிருந்த முனை −2.4 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு; எண் கீழே போகப் போக ஒளி குறைவு) அனுப்பியது, தொலைவு முனை −13.1 டிபிஎம் பெற்றது. எல்.ஆர். வகைக்குப் பெறும் ஒளியின் கீழ் வரம்பு −14.4 என்பதால் ஸ்விட்ச் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. எதிர்த்திசையிலோ தொலைவு முனை −2.6 அனுப்பியது, அருகு முனை −6.2 பெற்றது. ஒரு திசையில் இழப்பு 10.7 டெசிபெல், மறுதிசையில் 3.6. அந்தப் பாதையில் எவ்வளவு இழப்பு இருக்க வேண்டும் என்று கணக்கிடுவது எளிது: 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபெல் என்றால் 4 கிலோமீட்டருக்கு 1.4, நான்கு கனெக்டர்களுக்குத் தலா 0.5 என்று தாராளமாக வைத்தாலும் 2, மொத்தம் 3.4. ஆக ஒரு திசை கணக்கோடு பொருந்துகிறது. மறுதிசையில் ஏழு டெசிபெலுக்கு மேல் எங்கோ தொலைகிறது. மூன்று டெசிபெல் இழப்பு என்றாலே ஒளி பாதியாகக் குறைகிறது என்பதை நினைவில் வைத்தால், ஏழு டெசிபெலில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பது புரியும்.

திசைக்கு ஒன்றாக இருக்கும் அந்த இரண்டு இழைகளும் ஒரே கேபிளுக்குள் ஓடுகின்றன. கேபிள் நசுங்கியிருந்தாலோ சாலைத் தோண்டலில் வளைந்திருந்தாலோ பெரும்பாலும் இரண்டு திசைகளும் பாதிக்கப்பட்டிருக்கும். ஒரு திசை மட்டும் குறைந்தது என்றால் அந்த ஓர் இழையின் முனைகளையும், இழைத் துண்டுகளை ஒட்டிய இடமான ஸ்ப்ளைஸையும்தான் சந்தேகிக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழாமலேயே இவ்வளவு தூரம் வந்துவிட முடிந்தது. நான்கு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒரு முனையின் எண்ணை மட்டும் பார்த்துச் செய்யும் முடிவு பாதி முடிவு.

இந்த வழிக்கும் எல்லை உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. ஒளி அளவுகளில் மாட்யூலின் துல்லியம் ±3 டெசிபெல் வரை விலகலாம் என்று அந்த வரையறையே அனுமதிக்கிறது. எனவே ஒன்றிரண்டு டெசிபெல் வித்தியாசத்துக்காகக் கனெக்டர்களைக் கழற்றக் கூடாது. அதே மாட்யூல் சென்ற மாதம் என்ன காட்டியது என்பதோடு ஒப்பிடுவதே நம்பகமானது. அடுத்தது, அனுப்பும் ஒளியை மாட்யூல் தன் லேசர் பொதிக்குள் இருக்கும் சிறு உணரியால் அளக்கிறது. அதற்கு அப்பால், கனெக்டர் வந்து உட்காரும் இடத்தில் அழுக்கு படிந்திருந்தால் அது இந்த முனையின் எண்ணில் தெரியாது, எதிர்முனை பெறும் எண்ணில்தான் தெரியும். ‘அனுப்பும் ஒளி சரி’ என்பதை ‘இழைக்குள் ஒளி போகிறது’ என்று பொருள்கொள்வதால் பல மணி நேரம் வீணாவதை நான் பார்த்திருக்கிறேன்.

பயாஸ் மின்னோட்டத்தைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. அனுப்பும் ஒளி மாறாமல் இருக்க, பயாஸ் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகிறது என்றால் லேசர் மூப்படைகிறது. பயாஸ் பூஜ்யமாகவும் அனுப்பும் ஒளி −40 போன்ற எண்ணாகவும் இருந்தால் லேசர் எரியவே இல்லை. போர்ட் ஷட்டவுன் செய்யப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் மாட்யூலைத் தயங்காமல் மாற்றலாம்.

துடைக்கும் வழி

ஒற்றைமுறை (சிங்கிள்-மோட்) இழையில் ஒளி ஓடும் உள்ளகம் சுமார் 9 மைக்ரான் விட்டம் கொண்டது. தலைமுடி அதைவிடப் பலமடங்கு தடிமன். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் அந்த உள்ளகத்தை மறைக்கப் போதும் என்பதால், கண்ணால் பார்த்து ‘சுத்தமாக இருக்கிறது’ என்று சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை. முனையை நேரடியாகக் கண்ணால் பார்ப்பது ஆபத்தும்கூட. 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும். முனையைப் பெரிதாக்கிக் காட்டும் ஃபைபர் ஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் தொலைவு முனையின் பேட்ச் கார்டை ஸ்கோப்பில் வைத்தபோது சாம்பல் நிற வட்டத்தின் நடுவே உள்ளகம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அதன் ஓரத்தைத் தொட்டபடி விரல் எண்ணெய் சிறு சிறு துளிகளாக, மழைக்குப் பின் கண்ணாடியில் நிற்பதுபோல், பிறைவடிவில் படிந்திருந்தது. ஒரு கருந்துகள் துளிகளுக்கு இடையே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை கழற்றிச் செருகியபோதும் அந்தத் துகள் இடம் மாறியிருக்கிறது. இரண்டு முறை உள்ளகத்தை விட்டு விலகி நின்றிருக்கிறது, பிறகு அதிர்விலும் வெப்பத்திலும் மெல்ல உள்ளே வந்திருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். ஒன்-கிளிக் கிளீனரை ஒருமுறை அழுத்தினேன். துகள் போனது, எண்ணெய் மங்கலான பூச்சாக நின்றது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியில் மெதுவாக இழுத்து, உடனே உலர்ந்த பகுதியில் இழுத்து, மறுபடி பார்த்தபோது வட்டம் துல்லியமாக இருந்தது. மாட்யூலின் துளையையும் சுத்தம் செய்து செருகியதும் தொலைவு முனை −6.0 காட்டியது. அதன்பின் அந்த லிங்கில் யாரும் எதையும் மாற்றவில்லை.

துடைப்பதே முதல் வேலை என்று வாதிடுவோர் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது, ஏனென்றால் ஒளியிழைப் பழுதுகளில் முனை அழுக்குதான் நான் மிக அதிகமாகக் கண்ட காரணம். ஆனால் பார்க்காமல் துடைப்பதை நான் ஏற்க மாட்டேன். சட்டை நுனியில் துடைப்பது அழுக்கைச் சேர்க்கிறது. கடினமான துகளை அழுத்தித் தேய்த்தால் முனையில் கீறல் விழுகிறது. கீறலைத் துடைத்து எடுக்க முடியாது. பார், துடை, மீண்டும் பார் என்ற வரிசையைக் கைவிடவே கூடாது. தூசி மூடி போட்டிருந்த புதிய பேட்ச் கார்டுக்கும் இது பொருந்தும். மூடியின் உட்புறமே சுத்தமாக இருப்பதில்லை.

இடையில் நிற்கும் சோதனைகள்

துடைத்த பிறகும் பழுது நீடித்தால், மாட்யூலா இழையா என்று பிரித்தறிய லூப்பேக்கைவிட மலிவான வழி இல்லை. சிறு எல்.சி. கார்டால் அதே மாட்யூலின் அனுப்பும் முனையைப் பெறும் முனையோடு இணைத்தால் போர்ட்டும் மாட்யூலும் நலமா என்பது இரண்டு நிமிடத்தில் தெரியும். லூப் பாதுகாப்பு போர்ட்டைத் தானே முடக்கிவிடக்கூடும் என்பதால் அதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும். எல்.ஆர்., எஸ்.ஆர். (குறுந்தூர) வகைகளில் நேரடியாக இணைக்கலாம். 40 கிலோமீட்டருக்கான இ.ஆர்., 80 கிலோமீட்டருக்கான இசட்.ஆர். மாட்யூல்களை, ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் இல்லாமல் இப்படி இணைக்கவே கூடாது. இ.ஆர். +4 டிபிஎம் வரை அனுப்பலாம், பெறுவதோ −1 வரை மட்டுமே தாங்கும். ஒரே அறைக்குள் இ.ஆர். ஜோடியைச் சிறு கார்டால் இணைத்துவிட்டு லிங்க் வரவில்லை என்று தேடுவதும் இதே பிழைதான்.

பவர் மீட்டருக்கும் ஓ.டி.டி.ஆர். கருவிக்கும் இடையே தேர்வு தூரத்தைப் பொறுத்தது. எவ்வளவு இழப்பு என்று பவர் மீட்டர் சொல்லும். எத்தனையாவது மீட்டரில் இழப்பு என்று ஓ.டி.டி.ஆர். சொல்லும். சாலையோரம் பல கிலோமீட்டர் ஓடும் கேபிளுக்கு ஓ.டி.டி.ஆர். இல்லாமல் முடியாது. ஒரே கட்டடத்துக்குள் 60 மீட்டர் லிங்குக்கு அதை வரவழைப்பது வீண். சிவப்பு ஒளி பாய்ச்சும் பேனா போதும்.

ஒளி சரியாக இருந்தும் லிங்க் வராதபோது

இங்கே துடைப்பதும் மாற்றுவதும் இரண்டுமே தோற்றுப்போகும். 25 கிகாபிட் லிங்கில் ஒரு முனையில், தரவுப் பிழைகளைத் தானே திருத்தும் எஃப்.இ.சி. முறையின் ஆர்.எஸ். வகை இயங்கி மறுமுனையில் அது அணைந்திருந்தால், ஒளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் லிங்க் எழாது. ஒரே இழையில் இருதிசையும் ஓடும் பைடி மாட்யூல்களில் இரு முனையிலும் ஒரே வகையைச் செருகிவிட்டால் லிங்க் வராது. ஒருபுறம் 1270 நானோமீட்டர் ஒளியை அனுப்பி 1330 பெறுவதும், மறுபுறம் அதற்கு நேர்மாறானதும் வேண்டும்.

100 கிகாபிட்டில் அளவுகளைப் படிக்கும் வழி இன்னும் வலுவாகிறது, ஏனென்றால் நான்கு தடங்களின் எண்களும் தனித்தனியே கிடைக்கின்றன. எஸ்.ஆர்.4 வகையில் ஒவ்வொரு தடத்துக்கும், பல இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் எம்.பி.ஓ. கனெக்டரில் தனி இழை இருப்பதால், ஒரு தடம் மட்டும் சரிந்தால் முனையில் அந்த ஓர் இழையின் அழுக்கைத் தேடலாம். எல்.ஆர்.4 வகையில் நான்கு தடங்களும் நான்கு நிறங்களாக (அலைநீளங்களாக) ஒரே இழையில் போகின்றன. நான்கும் சேர்ந்து சரிந்தால் பாதையிலும், ஒன்று மட்டும் சரிந்தால் மாட்யூலின் உள்ளேயும் பழுது இருக்க வாய்ப்பு அதிகம். எஃப்.இ.சி. இயங்கும் லிங்கில் சி.ஆர்.சி. எண்ணை மட்டும் நம்பியிருப்பது தவறு. திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறுவது, பயனர் எதையும் உணர்வதற்கு வெகு முன்பே தெரியும்.

மாற்றுவது எப்போது வெல்லும்

மாட்யூலை மாற்றுவதை நான் விலக்கவில்லை, வரிசையில் பின்னே வைக்கிறேன். சுத்தமான முனையோடு இரண்டு வேறு போர்ட்களில் லூப்பேக் தோற்றால், லேசர் எரியாவிட்டால், மாட்யூலின் விவரங்களை ஸ்விட்ச் படிக்கவே முடியாவிட்டால், பயாஸ் எச்சரிக்கை வந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். நள்ளிரவில் மருத்துவமனையின் லிங்க் விழுந்து, மாற்றுப் பாதையும் இல்லை என்றால், காரணத்தைப் பிறகு பார்த்துக்கொண்டு முதலில் மாற்றுவதும் சரியே. அப்போதும் கழற்றுவதற்கு முன் இரு முனைகளின் அளவுகளையும் பதிவு செய்ய அரை நிமிடம் போதும். கழற்றிய மாட்யூலுக்கு மூடி போட்டு, ‘பழுது’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, தேதி, ஸ்விட்ச், போர்ட், கடைசியாகக் காட்டிய அனுப்பும் ஒளி, பெறும் ஒளி, பயாஸ் ஆகியவற்றை எழுதி ஒட்டினால், மறுநாள் சோதனை மேசையில் அதை எடுப்பவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.