"இடம்பெயர்வில் தப்பின வெள்ளிக்காசு" என்று விற்கிறவரிடம் கவனம்

பழைய நாணயம், தபால் முத்திரை, தாள்காசு சேர்க்கிற வன்னி ஆக்கள் இதை ஒருக்கா கடைசிவரை வாசியுங்கள். வாசித்துவிட்டு வீட்டில் இருக்கிற வயதானவர்களுக்கும் சொல்லுங்கள், ஏனென்றால் இந்த ஆள் குறிவைப்பது அவர்களைத்தான். முகநூல் குழுக்களிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் விக்டோரியா வெள்ளி ரூபாய் விற்கிற ஒருவர், போலிக் காசை அனுப்பி எங்களிடம் 30,000 ரூபா எடுத்துவிட்டார். பெயரும் தொலைபேசி இலக்கமும் இங்கே போடவில்லை. அவர் இரண்டையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார், ஆனால் செய்கிற முறை மாறவில்லை, அதைத்தான் எழுதுகிறேன்.

காசு வாங்கியது என் பெரியப்பாவுக்கு. அவரிடம் முந்தி ஒரு பிஸ்கற் தகரம் நிறையக் காசு இருந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கொம்பனியின் வி.ஓ.சி. எழுத்துப் போட்ட செப்புக்காசு, விக்டோரியா காலத்து அரைச் சதம், அவருடைய தகப்பன் விட்டுப்போன வெள்ளி ரூபாய்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. கடைசிப் போரில் கிளிநொச்சியில் வெளிக்கிட்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஒவ்வொரு இடமாக நகர நகரச் சாமான் குறைந்து, 2009 மே மாதம் வட்டுவாகல் பாலம் தாண்டும்போது தகரமும் இல்லை, அதை வைத்திருந்த பையும் இல்லை. இப்போது ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து, ஒன்றிரண்டாக மறுபடி சேர்க்கிறார்.

விற்கிறவர் போட்டிருந்த பதிவு இதுதான்: அம்மம்மா சேலைத் தலைப்பில் முடிந்து முள்ளிவாய்க்கால்வரை கொண்டுபோன காசு, மெனிக் பாம் முகாமில் பசியோடு இருந்தபோதும் விற்கவில்லை, இப்போது தங்கச்சியின் படிப்புக்காக விற்கிறோம். கீழே ஐந்து வெள்ளி ரூபாயின் படம். பெரியப்பா அதை வாசித்துவிட்டு, "அந்த மனிசி பட்ட பாட்டுக்கு விலை பேசாத தம்பி, கேட்டதைக் குடு" என்றார். அந்த ஆளுக்கு வேண்டியதும் இதுதான். அப்படி ஒரு கதையைக் கேட்டபிறகு எங்கட ஆக்களில் யார் பேரம் பேசுவார்கள், யார் சந்தேகமாக ஒரு கேள்வி கேட்பார்கள்?

ஆனாலும் நான் வீடியோ கேட்டேன், உடனே அனுப்பினார். அன்றைய திகதியும் என் பெயரும் எழுதிய தாள் பக்கத்தில் இருந்தது. ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டி, ஒன்றைச் சின்ன டிஜிற்றல் தராசில் வைத்து 11.5 கிராம் என்றும் காட்டினார். வீடியோவில் இருந்தவை நல்ல காசுகள். அதுதான் விசயம். அவரிடம் நல்ல காசு ஐந்து இருக்கிறது, கேட்கிற எல்லாருக்கும் அதைக் காட்டுகிறார், பொதிக்குள் வைப்பது வேறு. ஆகவே "வீடியோ கேளுங்கள், திகதி எழுதச் சொல்லுங்கள்" என்று குழுக்களில் சொல்லப்படுகிற அறிவுரை மட்டும் போதாது. ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் ஓரமும் தெரியக் கிட்டப் படம் கேளுங்கள். உண்மையாகப் புழங்கிய காசு ஒவ்வொன்றிலும் ஒரு கீறலோ தேய்மானமோ தனியாக இருக்கும். கையில் வந்தது படத்தில் பார்த்த அதே காசுதானா என்று சொல்ல அந்தக் கீறல்கள்தான் சாட்சி.

அடுத்தது கேஷ் ஒன் டெலிவரி. "முற்பணம் ஒண்டும் வேண்டாம் அண்ணா, சாமான் கையில கிடைச்சாப்பிறகு காசு குடுங்கோ" என்று அவரே சொன்னார், கேட்க நல்லாகத்தான் இருந்தது. கூரியர் தம்பி வந்து, "பிரிக்க ஏலாது அண்ணை, காசைத் தந்திட்டுப் பிரியுங்கோ" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுடைய வேலை விதி அது. ஆனால் காசு கொடுத்தபிறகுதான் பொதி திறக்கும் என்றால் அது முற்பணம்தான், வீட்டு வாசலில் வைத்துக் கொடுக்கிற முற்பணம்.

பிரிக்கும்போது பெரியப்பாவின் பேத்தி போனில் வீடியோ எடுத்தாள், கனடாவில் இருக்கிற தாய்க்கு அனுப்பத்தான். பொதியின் மேல் ஒட்டியிருந்த இலக்கத்தில் இருந்து உள்ளே இருந்த துணி முடிச்சு வரை எல்லாம் அதில் வெட்டில்லாமல் பதிவாகியிருந்தது, பிறகு அதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. நீங்களும் அப்படி எடுங்கள்.

பெரியப்பா முதலாவது காசை விரல் நுனியில் வைத்து இன்னொரு காசால் தட்டினார். வெள்ளி தட்டினால் கணீரென்று கொஞ்ச நேரம் நிற்கும், இது 'டக்' என்று நின்றது. பிறகு ஐந்தையும் வரிசையாக வைத்துக் கண்ணாடியால் பார்த்தார். ஐந்திலும் அரசியின் தாடைக்குக் கீழே, ஒரே இடத்தில், ஒரே நீளத்தில், ஒரே சரிவில் ஒரு கீறல். ஒரு நல்ல காசை அச்சாக வைத்து வார்த்திருக்கிறார்கள், அந்தக் காசில் இருந்த கீறல் அதன் பிள்ளைகள் எல்லாவற்றிலும் இறங்கியிருக்கிறது. முகத்தைச் சுற்றி ஊசி குத்தினது மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள், ஓரத்தில் வரிகள் மழுங்கி, நடுவில் அராவி மறைத்த பொருத்துக் கோடு. ஐந்தும் 1862ஆம் ஆண்டுக் காசு என்பதில் மட்டும் தப்பில்லை, அந்த ஆண்டையே மாற்றாமல் பல வருடம் அச்சடித்தார்கள். ஒரே ஆண்டு இருக்கலாம், ஒரே கீறல் இருக்க முடியாது.

மறுநாள் பத்தரிடம் கொண்டுபோனோம். அந்தக் கால இந்திய வெள்ளி ரூபாய் ஒரு தோலா நிறை, 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. தேய்ந்த காசு கொஞ்சம் குறையும், இரண்டு கிராம் குறையாது. எங்களுடையதில் ஒன்றுகூட 9.6ஐத் தாண்டவில்லை. உரைகல்லில் ஓரத்தை உரசியதும் மேலே வெள்ளி முலாம், உள்ளே பித்தளை. காந்தம் ஒட்டவில்லையே என்று நான் கேட்டேன். பித்தளையிலும் காந்தம் ஒட்டாது தம்பி, இரும்பென்றால் மட்டும்தான் காந்தம் காட்டிக்கொடுக்கும் என்றார்.

உரைகல் இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்றையும் அவர் காட்டினார். 0.01 கிராம் வரை காட்டுகிற தராசில் பாதித் தண்ணீரோடு ஒரு சின்னக் கிளாசை வைத்து, அளவைச் சைபராக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். தராசு ஒரு எண் காட்டும். காசின் நிறையை அந்த எண்ணால் பிரியுங்கள். வருவது அந்த உலோகத்தின் அடர்த்தி, நல்ல வெள்ளி ரூபாய் என்றால் 10.3க்குக் கிட்ட வரவேண்டும். எங்களுடையது எட்டரைக்குப் பக்கத்தில் நின்றது, அது பித்தளையின் கணக்கு. ஒரு கீறல் இல்லாமல், முலாம் கெடாமல் இதைச் செய்யலாம், நேரில் வந்து விற்கிறவர் முன்னாலேயே செய்யலாம்.

எழுத்தையும் பாருங்கள். விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டது 1877 ஜனவரி 1ஆம் திகதி. அதற்கு முந்திய ரூபாயில் 'குயின்' என்றும் 1877இல் இருந்து 'எம்பிரஸ்' என்றும்தான் இருக்கும். 'எம்பிரஸ்' என்று எழுதி 1862 என்று போட்டிருந்தால் தராசே தேவையில்லை. அனுமார், லட்சுமி படம் போட்ட 1818ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கொம்பனிக் காசு என்று வருவதையும் தொடாதீர்கள், கொம்பனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. அரிசியைத் தன் பக்கம் இழுக்கும் இரிடியம் காசு என்ற மோசடிக் கதையை யாராவது தொடங்கினால் அந்த இலக்கத்தை அப்படியே தடைசெய்யுங்கள். முத்திரை சேர்க்கிறவர்களுக்கும் ஒன்று. 1857இல் வந்த இலங்கையின் முதல் முத்திரைகளுக்கு ஓரத்தில் துளை இல்லை, அதனால் பிறகு வந்தவற்றின் துளை ஓரத்தை வெட்டிவிட்டுப் பழையது என்று விற்கிறார்கள். நாலு பக்கமும் ஓரம் நல்ல அகலமாக இல்லாவிட்டால் விடுங்கள்.

சரி, அந்த ஆளிடம் கேட்டபோது என்ன சொன்னார்? "நான் அனுப்பினது நல்ல காசு, நீங்கள்தான் மாத்திப்போட்டுக் கதை விடுறியள்." பேத்தி எடுத்த வீடியோவை அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக்குறி விழுந்தது, உடனே என்னைத் தடைசெய்துவிட்டார். குழுவை நடத்துகிறவரிடம் சொன்னால், இது இரண்டு தனி ஆக்களின் விசயம் என்றார். பிறகு மல்லாவியில் ஒருவரும் நெடுங்கேணியில் ஒருவரும் தங்களுக்கும் இதே கீறலோடு காசு வந்திருப்பதாக எழுதியபிறகுதான் ஆளை நீக்கினார்கள். நெடுங்கேணிக்காரருக்குச் சொன்ன கதையில் அம்மம்மாவுக்குப் பதில் அப்பப்பா, சேலைத் தலைப்புக்குப் பதில் வேட்டி மடிப்பு. நீக்கியதும் அவருடைய பழைய பதிவுகளும் சேர்ந்து போய்விட்டன. ஆகவே குழுவில் கேள்வி கேட்கத் தொடங்குவதற்கு முதலே பதிவு, கணக்கின் முகவரி, உரையாடல், விலை சொன்ன இடம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிடுங்கள்.

எனக்கு ஆத்திரம் 30,000 ரூபாவில் மட்டும் இல்லை. உண்மையாகவே ஒரு சங்கிலியையோ ஒரு படத்தையோ ஒரு காசையோ உயிரோடு சேர்த்துக் கொண்டுவந்த குடும்பங்கள் எங்கள் ஊர்களில் இருக்கின்றன. அதில் ஒன்றை வறுமையில் விற்க வருகிற ஒரு தாயை இனி நாங்கள் சந்தேகத்தோடு பார்க்கவேண்டும் என்று இந்த ஆள் ஆக்கிவிட்டார்.

அப்படி உண்மையாக விற்கிறவர்களுக்குச் சோதனை ஒரு அவமானம் இல்லை. பெரியப்பா பிறகு 1893ஆம் ஆண்டு இலங்கை ஐம்பது சத வெள்ளிக்காசு ஒன்றை வவுனியாவில் ஒருவரிடம் வாங்கினார். "பத்தரிட்டையே வாங்கோ ஐயா, அங்கயே நிறுத்துப் பாப்பம்" என்று அந்த மனிதரே சொன்னார். புதிதில் 5.83 கிராம் இருக்கவேண்டிய காசு, தேய்ந்து 5.7 இருந்தது, அங்கேயே காசு கைமாறியது. தெரியாத ஆளிடம் வாங்குவதென்றால் இதுதான் முறை: பகலில், நகைக்கடையிலோ பத்தரிடமோ, நிறுத்துப் பார்த்தபிறகு. நேரில் வரமாட்டேன் என்று சாட்டுச் சொல்லுகிறவரை விட்டுவிடுங்கள், காசு எவ்வளவு அருமையானதாக இருந்தாலும்.

மண்ணில் எடுத்தது என்று சேதுக் காசு விற்க வருகிறவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். நந்தியும் கீழே 'சேது' என்ற எழுத்தும் உள்ள யாழ்ப்பாண அரசின் காசுக்கு எங்கள் ஆக்களிடம் ஆசை அதிகம், அதனால் போலியும் அதிகம். போலி இல்லாவிட்டாலும் சிக்கல்தான். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவற்றைத் தொல்பொருள் என்கிறது, அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம். தோண்டினவரோடு சேர்ந்து வாங்கினவரும் பொலிசுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

நாங்கள் முறைப்பாடு கொடுத்துவிட்டோம். பொதியில் இருந்த அனுப்புநர் முகவரி பொய். ஆனால் கூரியர் வசூலித்த காசு ஏதோ ஒரு வங்கிக் கணக்குக்குத்தான் போயிருக்கும், அதற்குப் பதிவு இருக்கும். உங்களிடமும் தாடைக்குக் கீழே கீறலோடு 1862ஆம் ஆண்டுக் காசு வந்திருந்தால் அதை எறியாதீர்கள், வேறு யாருக்கும் விற்காதீர்கள். பொதியின் உறையையும் அதில் உள்ள இலக்கத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுங்கள், கொடுத்ததும் எனக்கு உள்பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். எல்லா முறைப்பாட்டு இலக்கங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கப் போகிறோம்.