மேப்பிள் விதை வாங்கப் போகிறீர்களா? என் 64 டாலர் போன விதத்தைப் படித்துவிட்டுப் போங்கள்

ஜப்பானிய மேப்பிள் டொராண்டோப் பக்கம் நன்றாகவே வரும். நர்சரியில் ஒட்டுக்கன்று விலை கையைச் சுடுகிறது, விதை போட்டு வளர்க்கலாம் என்று ஒரு பெரிய இணையச் சந்தைக்குள் இருக்கும் விதைக் கடையைப் பிடித்தேன். சிவப்பு இலை வகை, பாக்கெட் 16 டாலர், நாலு பாக்கெட். மொத்தம் 64 டாலர்.

வாங்கும் முன்பே எப்படி முளைக்க வைப்பது என்று கேட்டேன். அந்தப் பதில்தான் என்னைக் கவிழ்த்தது. வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊற வையுங்கள், ஈர மணலில் கலந்து ஃப்ரிட்ஜில் மூன்று மாதத்துக்குக் குறையாமல் வையுங்கள், பிறகு விதையுங்கள். வரிக்கு வரி சரி. குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் அந்த விதை விழிக்கும். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவான் என்று யார் நினைப்பார்கள்?

ஆனால் காசைத் திருப்பிக் கேட்க அங்கே 30 நாள்தான் கெடு. விதை ஃப்ரிட்ஜில் தூங்கும்போதே கெடு முடிந்துவிடும். இந்த இடைவெளிதான் ஐயா இவர்களுடைய முதலீடு!

மேப்பிள் விதையில் ஒட்டியிருக்கும் மெல்லிய இறக்கை இல்லாமல் விதை வந்தது. கேட்டால், "சுத்தம் செய்து அனுப்புகிறோம்." அப்படி விற்பதும் உண்டு, சரி என்று விட்டேன். ஏப்ரலில் தட்டில் போட்டதில் முக்கால்வாசி அழுகல். முளைத்ததிலெல்லாம் முதலில் வரும் விதையிலை இதய வடிவம், அப்புறம் சொரசொரப்பான ஓர் இலை. கிள்ளி மென்று பார்த்தேன், கடுகுக் காரம்! மேப்பிளின் விதையிலை ஒடுங்கி நீளமாக, வழவழவென்று இருக்கும். அடுத்த ஜோடி இலையிலேயே ரம்பப் பல் தெரியும்.

படம் அனுப்பினேன். "டியர் ஃப்ரெண்ட், தண்ணீர் அதிகம்" என்றார்கள். அடுத்து, "சில விதைகள் இரண்டாம் வசந்தத்தில்தான் முளைக்கும், பொறுங்கள்." காய்ந்த மேப்பிள் விதை அப்படிச் செய்வது உண்மைதான், அதனால்தான் இன்னும் வயிறு எரிகிறது. கடுகு எத்தனை வசந்தம் பொறுத்தால் மேப்பிள் ஆகும்? கடைசியில், ஐந்து நட்சத்திரம் போட்டால் 6 டாலர் தருகிறார்களாம். 64 போன இடத்தில் 6! சந்தைக்காரர்களோ கெடு முடிந்தது, விற்றவரிடமே பேசுங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள்.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இறக்கையோடு கேளுங்கள். வந்த அன்றே நாலு விதையை ஈரத்தாளில் ஃப்ரிட்ஜுக்கு வெளியே வையுங்கள், ஒரு வாரத்தில் முளைத்தால் அது ஜப்பானிய மேப்பிள் இல்லை, உடனே காசைக் கேளுங்கள். பெயர் பெற்ற ரகங்கள் பெரும்பாலும் ஒட்டுக்கட்டித்தான் வரும், விதையில் அதே மரம் கிடைக்காது. அதே கடை நீல இலை மேப்பிளும் விற்கிறது, அப்படி ஒரு மரமே கிடையாது. பக்கத்து வீட்டில் மரம் இருந்தால் அக்டோபரில் கேட்டுப் பொறுக்கிக்கொள்ளுங்கள். சும்மாவே கிடைக்கும்.