ஜெஃப் சிறு மானியத் திட்டம்: கணக்கு எழுதுகிறவளின் மதிப்பீடு

ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் சங்கங்களுக்குக் கணக்கு எழுதுவதும், நிதி கேட்டு விண்ணப்பம் தயாரிப்பதும் என் பிழைப்பு. எந்த நிதி வந்ததால் ஊர் தெளிந்தது, எந்த நிதி வந்ததால் ஊரில் சண்டை வந்தது என்பதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்கிறவள். புதிதாகச் சங்கம் தொடங்கியவர்கள் "எங்கே கேட்கலாம்க்கா?" என்று வந்தால் நான் முதலில் சொல்வது, ஊர் அமைப்புகளின் சுற்றுச்சூழல் வேலைக்குச் சிறு தொகை தரும் ஜெஃப் சிறு மானியத் திட்டத்தைத்தான். ஏன் சொல்கிறேன், எங்கே எனக்கு அதில் மனக்குறை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1992இல், ரியோ டி ஜெனிரோவில் புவி மாநாடு நடந்த வருஷம் தொடங்கிய திட்டம் இது. பணம் ஜெஃப் என்று சுருக்கமாகச் சொல்லும் உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியத்துடையது. நடத்துவது ஐ.நா. வளர்ச்சித் திட்டம். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்திருக்கிறது. இந்தியாவில் அதன் சார்பில் சி.இ.இ. என்ற சுற்றுச்சூழல் கல்வி மையம் நடத்தியது, பிறகு டெரி என்ற ஆற்றல் ஆய்வு நிறுவனத்துக்கு மாறியது. நெடுங்காலம் ஒரு அமைப்புக்கு உச்சவரம்பு 50,000 டாலர். நம் பணத்தில் நாற்பது லட்சத்துக்கு மேல். ஆனால் பெரும்பாலான அமைப்புகளுக்குக் கிடைப்பது அதைவிட நன்றாகக் குறைவுதான். அதுவே நல்லது என்பேன். இரண்டு பேர் சம்பளத்தில் ஓடும் சங்கத்தின் தலையில் திடீரென்று ஒரு கோடியைக் கொட்டினால் சங்கம் உடைந்துபோகும்.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, விண்ணப்பத்தில் ஊர் மக்களின் பங்களிப்பு என்று வரும் பகுதி. பணமாகத்தான் போட வேண்டும் என்றில்லை. உழைப்பு, இடம், படகு, நாற்று எதுவானாலும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அலையாத்தி நடவுக்காக ஒரு சங்கத்துக்கு அந்தப் பகுதியை நிரப்ப உட்கார்ந்தோம். விதை பொறுக்குவது, பையில் மண் நிரப்புவது, கடல்நீர் உள்ளே ஏறி இறங்க மீன்முள் மாதிரி கிளை கிளையாக வாய்க்கால் வெட்டுவது என்று வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். கூலிக்கு எந்த அளவை வைப்பது என்று பேச்சு வந்தபோது நூறு நாள் வேலைக் கூலியை எடுத்துக்கொண்டோம். தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அது 336 ரூபாய். முப்பது பேர், ஆளுக்கு இருபது நாள் என்று பெருக்கினால் 2,01,600 ரூபாய்.

தொகையைச் சத்தமாகப் படித்ததும் கூட்டத்தில் மூத்தவர் கேட்டார்: "நாங்க சும்மா செய்யிறதுக்கும் கணக்கு உண்டா தாயி?"

"உண்டுத்தா. நீங்க போடுறதுதான் முதல் பணம். அவுக தர்றது அதுக்கு மேல."

அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தின் பேச்சே மாறியது. நாற்றங்காலை யார் வீட்டுப் பக்கம் போடுவது, வேலி எந்த மரத்தில், காவலுக்கு யார் என்று அவர்களே முடிவு செய்தார்கள். பயனாளி என்று பேர் எழுதி, கைநாட்டு வாங்கி, போட்டோ எடுத்து அனுப்பும் திட்டங்களில் இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

யாருக்குத் தருவது என்ற முடிவும் ஒரு அதிகாரி கையில் இல்லை. நாட்டுக்கு ஒரு வழிகாட்டுக் குழு. அதில் அரசு சாராதவர்கள்தான் பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வேலைக்கு அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. முழு விண்ணப்பம் எழுதவே வசதியில்லாத குழுக்களுக்குத் திட்டமிடல் மானியம் என்று ஒரு சிறு தொகை தரவும் வழி உண்டு. பல நாடுகளில் உள்ளூர் மொழியிலும், வீடியோவாகவும்கூட விண்ணப்பம் வாங்குகிறார்கள். எழுதத் தெரியாத பெண்கள் நடத்தும் சங்கத்துக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்பது, ஆங்கிலத்தில் பத்திப் பத்தியாக எழுதத் தெரிந்தவர்களுக்கே நிதி போவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த எனக்குத் தெரியும். தமிழில் எழுதி, தமிழிலேயே பதில் வாங்கும் நாள் நம் ஊருக்கும் வர வேண்டும்.

வேறொரு நிதியோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை புரியும். ஒரு கம்பெனியின் அறக்கட்டளை, பெயர் வேண்டாம், எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்றுக்குத் தையல் மெஷின் வாங்கப் பணம் தந்தது. மெஷினுக்குத் தருவார்களாம், சொல்லிக்கொடுக்கும் அக்காவுக்குச் சம்பளம் தர மாட்டார்களாம். கட்டட வாடகையும் கூடாது, கரண்ட் பில்லும் கூடாது. பெயர்ப்பலகை மட்டும் இத்தனை அடிக்கு இத்தனை அடி இருக்க வேண்டும் என்று அளவு வந்தது. மார்ச் மாதம் முடிவதற்குள் செலவைக் காட்டு என்று தினமும் போன். மெஷின்கள் இன்று துணி போர்த்தி நிற்கின்றன. பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் வருஷக் கம்பெனிச் சட்டம் சொன்னது நல்ல விஷயம். ஆனால் அந்தப் பணம் பொருளாக மட்டும் வந்தால் ஊரில் எதுவும் நிலைக்காது. ஆள்தான் அமைப்பு. ஆளுக்குச் சம்பளம் தராத மானியத்தை நான் பாதி மானியம் என்றே சொல்வேன். சிறு மானியத் திட்டத்திலும் நிர்வாகச் செலவுக்குக் கை தாராளம் கிடையாது. ஆனால் களத்தில் நிற்கும் ஆளின் கூலியை அது செலவாக ஒப்புக்கொள்கிறது.

அப்புறம், சட்டம். 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்திய பிறகு, வெளிநாட்டுப் பணம் வாங்கும் பெரிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துத் தர முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் பணம் வரும் கணக்கை டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் தொடங்க வேண்டும். மதுரையிலோ சென்னையிலோ இருந்த ஒரு பெரிய அமைப்பின் நிழலில் வருஷக்கணக்கில் ஓடிய கடலோரக் குழுக்களுக்கு இது பெரிய அடி. அவை செய்த தப்பு என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஐ.நா. அமைப்புகளை அந்தச் சட்டம் வெளிநாட்டு மூலம் என்று கருதுவதில்லை. அதனால்தான் இந்த மாதிரித் திட்டம் சிறு சங்கங்களுக்கு இன்னும் முக்கியம். ஆனாலும் ஒப்பந்தம் யாரோடு, பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதை ஆடிட்டரிடம் காட்டிவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

இனி மனக்குறை. திட்டம் ஏற்கும் தலைப்புகள் பல்லுயிர், பருவநிலை, நிலச் சீரழிவு, நாடுகளுக்குப் பொதுவான நீர்நிலைகள், நச்சு வேதிப்பொருள் என்ற வரிசையில் போகும். மரம் நடலாம், சூரிய அடுப்பு வைக்கலாம், கடல்புல்லைக் காக்கலாம். அந்தக் கடல் யாருக்கு என்று கேட்க அதில் இடம் இல்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986இல் அவை தேசியப் பூங்கா ஆயின. தீவைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் அதன் பிறகு அத்துமீறி நுழைகிறவர்களாகப் பார்க்கப்படுகிறார்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்போம், பவளத்தைச் சுரண்டும் இரும்புக் கருவி வேண்டாம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள் அந்தப் பெண்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் கலிஃபோர்னியாவின் சீகாலஜி அமைப்பு விருது தந்தது. அவர்களுக்கு இன்று தேவை அடையாள அட்டையும், கடலில் இறங்கும் உரிமையும், வழக்கு வந்தால் வக்கீலும். இதில் ஒன்றைக்கூட நேராக எழுதிச் சிறு மானியம் கேட்க முடியாது. பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் நுழைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. கடலைக் காப்பாற்றுகிறவளைக் காப்பாற்றாமல் கடலை மட்டும் காப்பாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்று, தவணை. பணம் ஒரே மூச்சில் வராது. முதல் தவணை செலவாகி, அறிக்கையும் கணக்கும் போன பிறகுதான் அடுத்தது. பொதுப்பணம் என்பதால் அதில் தப்பில்லை. ஆனால் அலையாத்தி விதை முற்றி விழுவது மழைக்காலத்தை ஒட்டி. அந்த வாரங்களில் கையில் பணம் இல்லையென்றால் ஒரு வருஷமே போச்சு. ஆகவே விண்ணப்பத்திலேயே நடவுக் காலத்தை எழுதி, அதற்கு முந்திய மாதத்தில் தவணை விழும்படி அட்டவணை போடுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

பதிவுச் சான்று, பான், நிதி ஆயோக் தளத்தில் பதிந்து வாங்கும் தர்பன் எண், மூன்று வருஷத் தணிக்கை அறிக்கை இவை கையில் இருக்கும் சங்கங்கள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். பில் கிடைக்காத செலவுதான் எல்லோரையும் மடக்கும். படகுக்காரர், நண்டு வலைக்காரர் யாரும் பில் தர மாட்டார்கள். அதற்கு வெள்ளை வவுச்சர் போட்டு, தேதி, எங்கிருந்து எங்கே, யார் போனார்கள், என்ன வேலை என்று நான்கு வரி எழுதி, படகுக்காரரிடமும் சங்கத்துப் பெண்கள் இருவரிடமும் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதிய வவுச்சரை மையின் நிறத்தை வைத்தே ஆடிட்டர் கண்டுபிடித்துவிடுவார்.

உரிமைக்காக நிற்கும் சங்கங்கள் இந்த மானியத்தை நாற்றங்காலுக்கும் பயிற்சிக்கும் வாங்கிக்கொள்ளட்டும். வழக்குக்கும் மனுவுக்கும் கலெக்டர் ஆபீஸ் போய்வர வேன் வாடகைக்கும் உறுப்பினர் சந்தாவைத் தனி நோட்டில், தனிக் கணக்கில் வைத்திருங்கள். அந்த நோட்டில் மாதம் இருபது ரூபாய்தான் ஏறுகிறது என்றாலும் அதை எந்த மானியக் கணக்கோடும் கலக்காதீர்கள்.