பீஸ் ரேட்டா, ஷிப்ட் சம்பளமா?

திருப்பூரில் சின்னதாகப் பனியன் யூனிட் தொடங்குபவர்கள் திணறுவது இதில்தான்: டெய்லருக்குப் பீஸ் ரேட் கொடுப்பதா, ஷிப்ட் கணக்கா?

செலவு:
பீஸ் ரேட் – தைத்ததற்கு மட்டும் கூலி.
ஷிப்ட் – துணி வராமல் மெஷின் நின்றாலும் சம்பளம் உண்டு.

மேற்பார்வை:
பீஸ் ரேட் – வேகப்படுத்த ஆள் வேண்டாம்.
ஷிப்ட் – சூப்பர்வைசர் இல்லாமல் லைன் ஓடாது.

தரம்: இங்கேதான் தைக்கும் வேகத்தையும் தேறும் வேலையையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒருவர் 8 மணி நேரத்தில் 400 பீஸ் தைக்கிறார் என்று வையுங்கள். மணிக்கு 50, அது வேகம். அதில் 80 பீஸ் தையல் விட்டுத் திரும்பி வந்தால், தேறியது மணிக்கு 40தான். பக்கத்து மெஷின்காரர் 360 தைத்து, எல்லாமே செக்கிங்கில் தேறினால் மணிக்கு 45. ஆனால் பீஸ் ரேட் நோட்டில் முதலாமவருக்குத்தான் கூடுதல் கூலி. நிதானமாக நல்ல வேலை செய்தவருக்கு இது பெரிய அநியாயம்.

மாடல் மாறாத உள்ளாடை ஆர்டருக்குப் பீஸ் ரேட் போதும்; தேறிய எண்ணிக்கையை மட்டும் தனியாக எழுதுங்கள். அடிக்கடி ஸ்டைல் மாறும் ஏற்றுமதி வேலை, புதிதாகத் தொழில் பழகுபவர்கள் என்றால் ஷிப்ட்தான் சரி. அப்புறம், பீஸ் ரேட் என்பதற்காகக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது.