ஒளிரும் குதை: மானின் துள்ளல் சொல்லாததை அம்பு சொல்கிறது

வில்லால் மான் வேட்டையாடுபவர், அம்பு எங்கே பட்டது என்பதை அறிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்க முடியும். அரை மணி நேரத்தில் பின்தொடரலாமா, பொழுது முழுவதும் காத்திருக்க வேண்டுமா என்பது அந்த ஒன்றைப் பொறுத்தே அமைகிறது. நாணைக் கவ்வும் அம்பின் பின்முனையான குதைக்குள் சிறிய எல்.இ.டி. விளக்கையும் ஊசி போன்ற லித்தியம் மின்கலத்தையும் அடக்கி, நாண் தள்ளும் விசையில் தானாகவே எரியும்படி செய்யப்பட்டவை ஒளிரும் குதைகள். வேட்டைப் பருவம் முழுவதும் அவற்றைப் பயன்படுத்திய பின்னர் இதை எழுதுகிறேன்.

இவற்றின் பயனை உணர, எய்த கணத்தில் மான் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். முனைகளில் உருளிகள் பொருத்திய நவீன காம்பவுண்ட் வில்லிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 85 மீட்டர் வேகத்தில் புறப்படும் அம்பு, 27 மீட்டர் தொலைவைக் கடக்க நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. நாணின் ஒலியோ அதே தொலைவை 0.08 நொடியில் கடந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் வெண்வால் மான், பாய்ந்தோடக் கால்களுக்கு விசை சேர்ப்பதற்காக உடலைச் சட்டெனத் தாழ்த்துகிறது. ஏற்கெனவே தலை உயர்த்திச் செவி விறைத்து நிற்கும் மான் இன்னும் ஆழமாகத் தாழ்கிறது. நெஞ்சின் நடுவே குறிவைத்த அம்பு முதுகருகே பாய்வதும், முதுகின் மேலாகவே பறந்துவிடுவதும் இதனால்தான். வெறும் கண்ணுக்கு இது பிடிபடுவதில்லை. ஒளிரும் குதையோ காற்றில் ஒரு கோடு இழுத்தாற்போலப் பறந்து, அந்தக் கோடு முடிந்த இடத்தைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. விலை கொடுத்து வாங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து.

அம்பு பட்ட பின் மான் காட்டும் அசைவுகளுக்கும் பொருள் உண்டு. இதயத்திலோ நுரையீரலிலோ பட்ட மான் பெரும்பாலும் பின்னங்கால்களை உதைத்துத் துள்ளி, தரையோடு தரையாகத் தாழ்ந்து விரைந்தோடுகிறது. இரைப்பையில் பட்டது முதுகைக் கூனிக்கொண்டு சிறிது தூரம் ஓடிப் பின் மெல்ல நடக்கிறது. முதுகெலும்பில் பட்டது நின்ற இடத்திலேயே விழுகிறது, அதற்கு உடனே இரண்டாவது அம்பு தேவைப்படும். ஆனால் இவை எப்போதும் பொருந்தும் விதிகள் அல்ல. இரு நுரையீரல்களும் துளைபட்ட மான் எதுவும் நேராததுபோல் சில அடிகள் நடந்ததும் உண்டு, அம்பு படாத மான் ஒலிக்கு வெருண்டு அடிபட்டதுபோல் துள்ளியதும் உண்டு. அசைவை மட்டும் நம்பி, இரைப்பையில் காயம்பட்ட மானை விரைவாகத் துரத்தினால் அது படுத்த இடத்தை விட்டு எழுந்து நெடுந்தொலைவு சென்றுவிடும். அதன் வேதனையும் நீளும், அதைக் கண்டெடுக்கும் வாய்ப்பும் குறையும். விலங்கின் மீது அக்கறையுள்ள எவரும் இதை அற்பமாக எண்ண முடியாது.

உடலைத் துளைத்து வெளியேறிய அம்பு, அந்தி இருளில் புல்லுக்குள் கிடந்தாலும் ஒளியால் எளிதில் அகப்படுகிறது. அதில் நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் இருந்தால் நுரையீரல். கரும்சிவப்பாக இருந்தால் கல்லீரல், சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையும் பழுப்பும் கலந்த கசடும் துர்நாற்றமும் இருந்தால் இரைப்பை, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருப்பதே முறை. அம்பு உடலிலேயே தங்கிவிட்டால், ஓடும் மானின் விலாவில் ஒளி எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பதிலிருந்து எவ்வளவு ஆழம் பாய்ந்தது என்று கணிக்க முடிகிறது.

குறைகளும் உள்ளன. சாதாரணக் குதையைவிட இது ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மடங்கு எடையுள்ளது. அந்த எடை பின்முனையில் சேர்வதால் அம்பின் சமநிலை பின்னோக்கி நகர்கிறது, அம்பு கனத்து வேகம் குறைவதால் தொலைவில் குறி சற்றுத் தாழ்கிறது. நான் வாங்கிய தொகுப்பில் ஒன்று நாண் தள்ளியும் எரியவில்லை. மற்றொன்று அம்புறாத்தூணியிலேயே எரியத் தொடங்கி மின்கலத்தைத் தீர்த்துவிட்டது. விளக்கை அணைக்கக் கூர்முனையால் ஒரு சிறு துளைக்குள் அழுத்த வேண்டிய அமைப்பு, குளிரில் மரத்த விரல்களுக்கு மிகவும் சிரமம் தருகிறது. குதையைச் சற்று இழுத்தாலே அணையும் வகையே மேலானது. அம்புத்தண்டின் உள்விட்டத்துக்குப் பொருந்தாத குதையை ஒருபோதும் வலிந்து செருகக் கூடாது, தளர்ந்து கழன்றால் நாண் வெறுமனே விடுபட்டு வில்லே சேதமடையக்கூடும்.

நிறங்களில் பச்சையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மனிதக் கண் அதையே மிக எளிதில் உணர்கிறது. அமெரிக்காவில் வில் வேட்டைப் பதிவுகளைப் பேணும் போப் அண்ட் யங் சங்கம் 2014 முதல் இவற்றை ஏற்றுக்கொள்கிறது என்றாலும், வேட்டை விதிகள் இடத்துக்கு இடம் மாறுவதால் வாங்கும் முன் அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே எடையில் விளக்கில்லாத பயிற்சிக் குதைகளையும் சேர்த்து விற்கும் தொகுப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். மின்கலம் வீணாகாமல் குறியைச் சரிசெய்துகொள்ள முடியும்.