மணலுக்கும் 15, மலைக்கும் 15 என்றவரை நம்பிப் போனோம்

ஷார்ஜா, துபாயில் இருக்கும் நம் மக்கள், முக்கியமாகக் குடும்பத்தோடு முதல் தடவை பாலைவனத்துக்கு வண்டி எடுத்துப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

பாலைவனத்துக்கு வண்டிகளைக் கூட்டிப்போகும் ஒரு வாட்ஸ்அப் குழுவின் விளம்பரம் பார்த்துச் சேர்ந்தோம். வண்டிக்கு 250 திர்ஹம். "வழிகாட்டி, காத்தடிக்கிற காம்ப்ரஸர், புதைஞ்சா இழுக்க ரோப், எல்லாம் எங்ககிட்ட இருக்கு. நீங்க சாப்பாடு மட்டும் கொண்டுவாங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்கள். காலையில் அல் பதாயர் மணல்மேடு, மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் ஷவ்கா வாதி (வாதி என்றால் வறண்ட ஆற்றுப்படுகை). மொத்தம் ஐந்து வண்டிகள். என் பஜேரோவில் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த அத்தை.

மணலில் குறையில்லை. நான்கு டயரையும் 15 பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்த அளவு) இறக்கினார்கள். இளகிய மணலுக்கு அது சரியான அளவுதான். காற்றைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் அதிகமாகப் படியும், எடை பரவும், சக்கரம் மணலைத் தோண்டாமல் மேலேயே போகும். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டில் சைக்கிளைத் தள்ளியே வளர்ந்தவன் நான். ரோட்டுக் காற்றோடு ஓரத்திலேயே புதைந்த அதே வண்டி, காற்றை இறக்கியதும் மேட்டில் ஏறியதைப் பார்த்து மலைத்துப் போனேன்.

மணலை விட்டு வெளியே வந்ததும் "காத்து அடிச்சிட்டுப் போலாமா?" என்று கேட்டேன். "எதுக்கு சார்? மலைலயும் இதே 15தான். டைம் வேஸ்ட்" என்றார் வழிகாட்டி. நம்பினேன். தார் ரோட்டில் அவர் 80-இல் போனார், நாங்களும் பின்னாலேயே போனோம். இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அப்போது தெரியாது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி உள்ளுக்குள் சூடாகும். அந்த வேகத்தில் வெடித்திருந்தால் பிள்ளைகளை நினைத்தே பார்க்க முடியவில்லை.

வாதியில் கூரான கற்கள். தளர்ந்த டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும், கல் நேராக அங்கேதான் படும். பின் டயரில் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிசல். பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது, டயரையே மாற்ற வேண்டும்.

ஸ்டெப்னி மாட்டிய பிறகு மற்ற மூன்றுக்கும் காற்றுக் கேட்டேன். அவர் எடுத்தது சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன காம்ப்ரஸர். ஒரு டயர் பாதி ஏறுவதற்குள் சூடாகி நின்றுவிட்டது. "மெதுவா வாங்க சார்" என்று சொல்லி மற்ற நான்கு வண்டிகளோடு கிளம்பிவிட்டார். அத்தைக்குச் சர்க்கரை. ஒன்றரை மணி நேரம் அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். பிக்கப்பில் வந்த ஒரு பட்டான் அண்ணன் பேட்டரியில் கிளிப் போட்டு ஓட்டும் காம்ப்ரஸரை இறக்கினார், பைசா வாங்கவில்லை. காற்றை அளக்கும் அவர் கேஜில், கைபடாத இரண்டு டயர்களும் 11 காட்டின. சூட்டில் அழுத்தம் கூடித்தான் காட்டும். அப்படியும் 11 என்றால், காலையில் இவர்கள் வைத்த கேஜே தப்பாக இருந்திருக்கலாம். அந்த அளவில் மணல்மேட்டில் சட்டென்று ஸ்டீயரிங்கை ஒடித்திருந்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றிருக்கலாம்.

அதன்பிறகு நான் வைத்துக்கொண்ட கணக்கு, என் வண்டி எடைக்கு: இளகிய மணலில் 14, 15, அங்கே வேகம் 40க்குள். கல்லும் சரளையும் என்றால் 25 பக்கம், ஊர்ந்து போக வேண்டும். தார் ரோடு வந்தால் டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவு, எனக்கு 33. டயரின் மேல் அச்சடித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. நெடுஞ்சாலையில் ஓடி வந்த சூட்டோடு 15க்கு இறக்கினால், ஆறியதும் இன்னும் இரண்டு மூன்று குறையும். கொஞ்சம் ஆறவிட்டு, சொந்த கேஜில் அளந்து இறக்குங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "உங்க டயர் பழசு சார்" என்றார்கள். டயரில் நான்கு இலக்கமாக 1824 என்று இருக்கிறது, அதாவது 2024-இன் 18ஆவது வாரம் செய்தது. போட்டோ அனுப்பினேன். என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். புது டயருக்கு 650 திர்ஹம் ஆனது.

அதே விளம்பரம் இந்த வாரமும் ஓடுகிறது. யார் கூப்பிட்டாலும், கிளம்பும் இடத்திலேயே காம்ப்ரஸரை எடுத்து ஒரு டயருக்கு முழுக் காற்று அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.